ஈறு செட்டு

பாருங்க அண்ணாச்சி, நல்லாவே பாருங்க. ஓரக்கண்ணால எதுக்குப் பாக்கிய? பஸ்ஸுல ஏறுனதுலருந்து நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் வாரேன், உங்க கண்ணு முன்சீட்ட விட்டு நவுரல. அது எம்மவ. உலகம்மாள்னு பேரு, உலகுன்னு கூப்பிடுவோம், எட்டாப்பு படிக்கா. பக்கத்துல இருக்கது அவ அம்மை பேச்சியம்மா, எம்பொஞ்சாதி. ரெண்டு பேருக்கும் கையில முடி, காதோரம் முடி, கன்னத்துல முடி. அதானே பாக்கிய? தப்பே இல்ல. அதைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும். சீக்குன்னு நெனைச்சிராதிய. அது சாமி முகம்.

என் குரலு கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும், மனசுல வச்சுக்கிடாதிய. தொழில் அப்படி. மைக் செட்டு வாடகைக்கு விடுதேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எல்லாத்துக்கும் எங்க ஊருல மாடக்கண்ணு சவுண்டு சர்வீஸ்தான். மாடக்கண்ணு நான்தான். மைக்க தட்டி ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிச் சொல்லி, வீட்டுல தண்ணி கேட்டாலே ஊருக்குக் கேக்கும். எம்பொஞ்சாதி அதுக்கு நேர் எதிரு. கல்யாணமாகிப் பதினாறு வருசம். அவ வாயத் தொறந்து சிரிச்சு நான் பாத்ததில்ல. சேலைத் தலப்பு வாயிலயே இருக்கும். நான் சாப்பிட்டு எந்திரிச்ச பெறகு, அடுப்படிக்குள்ள போய்ச் சோத்தக் குழையக் குழையப் பெசஞ்சு சாப்பிடுவா. கல்யாணத்துல போட்டோக்காரன் தலைய நிமித்துங்கன்னு கெஞ்சுனான், நிமித்தலையே. அப்படி ஒரு அடக்கம். என் சொந்த அத்த மகதான். அந்த அத்தையும் அப்படித்தான், எந்நேரமும் முக்காடு. ஊருல ஒருத்தரும் அத்தை முகத்தைச் சரியாப் பாத்தது கெடையாது. வளப்பு அண்ணாச்சி, வளப்பு.

சரி, கேளுங்க. எங்க குலசாமி கரடிமாடன். எங்க முதப் பாட்டனைக் காட்டுல ஒரு கரடி பால் குடுத்து வளத்துச்சாம். அந்தப் பாலுதான் ரத்தத்துல ஓடுது. அதனால எங்க வம்சத்துல யாராவது ஒருத்தருக்கு மேலெல்லாம் முடியும், பல்லை மூடுன ஈறுமாத்தான் இருக்கும். எங்க அய்யாவுக்கு இருந்துச்சு. வெரல் முட்டி வரைக்கும் முடி. வாயத் தொறந்தா மேலயும் கீழயும் செவசெவன்னு வெறும் ஈறு. பல்லு உள்ளதான் கெடக்கு, வெளிய தெரியாது. கறிச்சோத்தை அம்மியில நசுக்கிக் குடுப்பா எங்க அம்மை.

வருசாவருசம் சாமிக்கு எடுக்குற திருவிழாவத்தான் நாங்க கொடைன்னு சொல்லுவோம். அதுல மதியப் பூசைக்கு 'வாய் பாக்குறது'ன்னு ஒண்ணு உண்டு. வேற எந்த ஊருலயும் நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டிய. வம்சத்து ஆளை முக்காலியில உக்கார வச்சு, வாயத் தொறக்கச் சொல்லி, பூசாரி டார்ச்சடிச்சுப் பாப்பாரு. முன்னால சூடத்தைக் கொளுத்தித்தான் பாத்தாங்களாம். எங்க பாட்டையா மீசை பத்திக்கிட்ட பெறகு டார்ச்சுக்கு மாத்தியாச்சு. பல்லு தெரியலைன்னா, ஒரு கைப் பொரியை வாயில போடுவாங்க. கடிக்காம முழுங்கணும். அந்தால தலையில பரிவட்டம். பரிவட்டம் கட்டுன ஆளு ஒரு சொல்லு சொல்லலாம். அந்த ஒரு சொல்லை ஊரு தட்டக்கூடாது, வீடும் தட்டக்கூடாது. எங்க அய்யா ஒரு வருசம் அடிபம்பு கேட்டாரு, இன்னைக்கும் தண்ணி வருது.

அய்யா காலமாயிட்டாரு. அடுத்து யாரு? நாந்தானே மகன். கண்ணாடி முன்னால நின்னு வாயத் தொறந்து பாக்கேன், முப்பத்திரெண்டும் பளபளன்னு வரிசையா நிக்கி. சட்டையக் கழத்திப் பாக்கேன், நெஞ்சு வழுவழுன்னு கெடக்கு. எனக்கு அழுகையே வந்துட்டு. பெத்த தகப்பன் ஒரு முடியக்கூட எனக்குன்னு விட்டுட்டுப் போகலையே. யாருக்கும் அடையாளம் இல்லைன்னா மரியாதை மூத்த வீட்டுக்குப் போயிரும். மூத்த வீடுன்னா பெரியப்பா மகன் சொரிமுத்து. அவன் வாயில இருக்கதெல்லாம் வெத்தலைக் கறை. அவன் தலையில பரிவட்டமா? நீங்களே சொல்லுங்க.

டவுன்ல பல்லு செட்டு கட்டுறவரு ஒருத்தரு உண்டு. நேரா அங்க போனேன்.

"எத்தனை பல்லு வேணும்?"ன்னு கேட்டாரு.

"பல்லு வேண்டாம். ஈறு மட்டும் போதும்."

"ஈறு மட்டுமா? அத வச்சு எப்படிவே சாப்பிடுவீரு?"

"சாப்பிட வேண்டாம். வாயத் தொறந்தாப் போதும்."

அந்த மனுசன் எழுந்து போயி ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சிட்டு வந்துதான் அளவெடுத்தாரு. ஊரு ஒலகத்துல எல்லாரும் பல்லு செட்டு கட்டுவான். ஈறு செட்டு கட்டுன ஒரே ஆளு நான்தான். ரோஸ் கலர்ல மேலுக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு. பல்லு மேல அமுக்குனா அப்படியே உக்காந்துக்கிடும். கைக்கும் காதுக்கும் சவுரிமுடி வாங்கி, பசை போட்டு ஒட்டுனேன். அந்தப் பசையப் பிய்க்கையில உசுரு போயிரும், அது வேற கதை. ஆறு வருசம் அண்ணாச்சி. ஆறு கொடை. மத்த நாள்ல பல்லு தெரியுதேன்னு கேட்டவங்ககிட்ட, கொடையன்னைக்கு மட்டும் சாமி ஈறை எறக்கி மூடும்னு சொல்லி வச்சிருந்தேன். பூசாரி பூலோகம் டார்ச்சடிப்பாரு, ரோஸா தெரியும், பரிவட்டத்தைக் கட்டிருவாரு. நானும் ஒரு சொல்லு சொல்லுவேன். என்ன சொல்லன்னு கேக்கிய? அடுத்த கொடைக்கும் நம்ம மைக் செட்டுதான்னு சொல்லுவேன். வேற என்னத்தக் கேக்க?

இதுக்கெடையில உலகு வளந்துட்டா. பொறக்கும்போதே பிள்ளைக்கு நெத்தி வரைக்கும் முடி. பாப்பாவுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும், உதுந்துரும்னு சொன்னா பேச்சி. உதுரல. பால்பல்லு விழுந்துச்சு. புதுப்பல்லு வருமா வருமான்னு இவ பாக்கா, வரலை. ஈறுதான் மேல மேல வளருது. எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல? தெருவுக்கே லட்டு குடுத்தேன். இவ அடுப்படிக்குள்ள போயி அழுதா. ஆனந்தக் கண்ணீருன்னு நானும் தொந்தரவு பண்ணல.

அதுக்குப் பெறகு ரெண்டு கொடைக்குப் பிள்ளையத்தான் முக்காலியில உக்கார வச்சேன். பொம்பளைப் பிள்ளைக்குப் பரிவட்டம் கட்டுற வழக்கம் இல்ல. அடையாளம் அவளுக்கு, பரிவட்டம் தகப்பனுக்குன்னு பேசி வச்சாச்சு. பூலோகம் டார்ச்சடிச்சாரு. பிள்ளை கண்ண இறுக்கி மூடிக்கிட்டு வாயத் தொறந்தா. ஊரே எட்டி எட்டிப் பாத்துச்சு. எனக்கு நெஞ்சு நிமிந்துட்டு. ரெண்டு வருசமும் வீட்டுக்கு வந்து பிள்ளை சாப்பிடல. வெயிலு பாருங்க, சித்திரை மாசம்.

அப்பத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பல்லு டாக்டரு கூட்டம் வந்துச்சு. ஜாஸ்மின்னு ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். என்னைய வரச்சொல்லி, "அண்ணா, இது பரம்பரையா வாரது. ஈறைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டா உள்ள இருக்க பல்லு வெளிய வந்துரும். திரும்ப வளந்தாலும் வளரும், அப்பப்ப வந்து பாத்துக்கிடணும். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னாங்க. சாமி குடுத்ததை அறுக்க நான் கையெழுத்துப் போடவா? கொடை முடியட்டும்னு சொன்னேன். கொடை முடிஞ்சுது, அடுத்த கொடை முடியட்டும்னு சொன்னேன்.

அப்படி ரெண்டாந்தடவ சொன்ன அன்னைக்கு ராத்திரிச் சோறு திங்கையில பிள்ளை கேட்டா, "அப்பா, நான் ஒரே ஒரு கொய்யாக்காயக் கடிச்சுத் திங்கணும்ப்பா."

"கொய்யாக்காய்தானேட்டி? நாளைக்கே வாங்கியாரேன்"னு சொல்லி வாங்கியாந்தேன். நானே உக்காந்து, மெல்லிசா, வெத்தலை மாதிரி சீவிச் சீவித் தட்டுல வச்சேன். தொட்டுக்கிட உப்பும் மொளகாப்பொடியும். பிள்ளை ஒண்ணைக்கூடத் தொடல. எடுத்துட்டுப் போயி ஆட்டுக்கு வச்சிட்டா. கேட்டதை வாங்கிக் குடுத்தும் இந்தப் பிடிவாதம். அவ அம்மை மாதிரி அடக்கம் வரலையேன்னு வருத்தமாப் போச்சு.

இந்த வருசக் கொடைக்கு வாரேன். எட்டு நாளைக்கு முந்தியே பந்தலுக்குக் கால் நாட்டியாச்சு. கால் நாட்டுனா எங்க சாமிக்கு வீட்டுல கறி கெடையாது, கத்தரி, பிளேடு எதுவும் எடுக்கக் கூடாது. பிளேடுன்னதும் ஞாபகம் வருது. நான் வாரம் ரெண்டு தடவதான் மொகம் வழிப்பேன். ஆனா புது பிளேடு மூணே நாள்ல மொட்டையாயிரும். பதினாறு வருசமா கம்பெனிக்காரன் ஏமாத்துதான் அண்ணாச்சி. கேக்க ஆள் இல்ல. அது கெடக்கட்டும். அந்த எட்டு நாளும் பேச்சி முக்காட்டை எடுக்கவே இல்ல. வெளக்கு வைக்கையில கூட முகம் தெரியல. விரதத்துல இம்புட்டுப் பக்தியான்னு எனக்கே கண்ணு கலங்கிட்டு.

கொடையன்னைக்குக் காலையில உலகு சொல்லிட்டா. "நான் வாயத் தொறக்க மாட்டேன்ப்பா."

"ஒரு நிமிசந்தானேளா."

"இனிமே எப்பவும் தொறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துல என்னையக் கரடின்னு கூப்பிடுதாங்க. நீங்க ஊருக்கே காட்டிக் குடுக்கிய."

எனக்குச் சுருக்குன்னுச்சு. சும்மா சொல்லக் கூடாது, பிள்ளை முகத்தப் பாக்க முடியல. ஆனா சொரிமுத்து புது வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கான். அத நெனைச்சா இன்னொரு பக்கம் எரியுது. அதனால, எதுக்கும் இருக்கட்டும்னு, அந்த ரோஸ் செட்டை எடுத்து நானே வாயில மாட்டிக்கிட்டேன். ரெண்டு வருசமாப் போடாம டப்பாவுக்குள்ள கெடந்துச்சா, லேசா ஆட்டம் குடுத்துச்சு. பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன்.

மதியப் பூசை. மேளம் நின்னுட்டு. முக்காலியில நான். பூலோகம் கழுத்துல நானே மாட்டி விட்ட மைக்கு. டார்ச்சடிச்சாரு, ரோஸா தெரிஞ்சுது. தலையை ஆட்டிட்டுப் பொரியை அள்ளி வாயில போட்டாரு. ஒரு பொரி தொண்டையில ஏறிட்டு அண்ணாச்சி. இருமல் வருது. அடக்குதேன், அடக்குதேன், அடங்க மாட்டேங்கு. ஒரே ஒரு இருமல்தான் இருமுனேன். மேல்செட்டும் கீழ்செட்டும் சேந்து பறந்து போயி, பூலோகம் கையில இருந்த குங்குமத் தட்டுல ணங்குன்னு விழுந்துச்சு. எட்டுக் குழாய் ஸ்பீக்கரு கட்டியிருந்தேன். எட்டுலயும் அந்த ணங்கு கேட்டுது.

சத்தம் நின்ன பெறகு பூலோகம் என் வாய்க்குள்ள டார்ச்சடிச்சாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "வே மாடக்கண்ணு, இம்புட்டு நல்ல பல்லை வச்சுக்கிட்டா இந்தப் பாடு பட்டீரு?"ன்னு கேட்டாரு. அதும் மைக்குல.

மானம் போச்சு. அப்படியே பூமி பொளந்து என்னைய உள்ள இழுத்துக்கிடாதான்னு இருந்துச்சு. சொரிமுத்து முன்னால வந்துட்டான். "ஏல, இத்தனை வருசமா பிளாஸ்டிக்குக்கா பரிவட்டம் கட்டுனீங்க? எடுங்கய்யா அந்தத் துணிய, மூத்த வீடு நான் இருக்கேன்"னு கைய நீட்டுதான். கூட்டத்துல ஒருத்தன், பிள்ளை இருக்கால்லா, அவ வாயைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு சொன்னான். உடனே நாலஞ்சு பேரு உலகுவைத் தேடுதாங்க. அவ கோயில் மணித் தூணுக்குப் பின்னால போயி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கா. ஒருத்தன் அவ கையைப் பிடிச்சிட்டான்.

அப்பத்தான் பொம்பளைங்க பக்கத்துலருந்து பேச்சி வந்தா. நடந்து வந்தா, ஓடல்லாம் இல்ல. அந்தாளு கையத் தட்டி விட்டா. நேரா வந்து முக்காலியில இருந்த என்னைய, "எந்திரிங்க அத்தான்"னா. நான் எந்திரிச்சுட்டேன், ஏன் எந்திரிச்சேன்னு இன்னைக்கும் தெரியல. அவ உக்காந்தா. முக்காட்டை எடுத்தா.

எட்டு நாளு முடி அண்ணாச்சி. கன்னத்துல, தாடையில, காதோரத்துல. எங்க அய்யாவையே பாத்த மாதிரி இருந்துச்சு. சேலைத் தலப்பை எடுத்துட்டு வாயத் தொறந்தா. பூலோகம் டார்ச்சடிச்சாரு. பல்லுன்னு ஒண்ணு பேருக்குக்கூட இல்ல, மேலயும் கீழயும் ஒரே ஈறு. பொரியை அள்ளி அவளே வாயில போட்டு முழுங்குனா. வீட்டுல தெனமும் முழுங்குறதுதானேன்னு பூலோகத்துக்கிட்ட சொன்னா.

சொரிமுத்து விடுவானா? "இவ கட்டிக்கிட்டு வந்தவ, வம்சம் இல்ல"ன்னான். பூலோகம் அவனைத் திரும்பிக்கூடப் பாக்கல. "இவ அம்மை இந்த வீட்டுப் பொண்ணுல்லா. சாமிக்கு அத்தையும் தெரியும், அத்தை மகளும் தெரியும்"னு சொல்லிப் பரிவட்டத்தை அவ தலையில கட்டிட்டாரு. பொம்பளை தலையில பரிவட்டம், அதும் முத தடவ.

"ஒரு சொல்லு சொல்லு தாயி"ன்னாரு.

பேச்சி என்னையப் பாத்தா. "எம்மவ வாய் ஆபரேசனுக்கு இவரு கையெழுத்துப் போடணும். நாளைக்கே போடணும். இனிமே எம்பிள்ளை வாயில எவனும் டார்ச்சடிக்கக் கூடாது"ன்னா.

பூலோகம், அது ரெண்டு சொல்லாச்சே தாயின்னு இழுத்தாரு. அவ பாத்த பார்வையில, சரி ஒண்ணுதான்னுட்டாரு. அம்புட்டும் எட்டுக் குழாயிலயும் கேட்டுது. பதினாறு வருசத்துல எம்பொஞ்சாதி குரலை முழுசா அன்னைக்குத்தான் கேட்டேன் அண்ணாச்சி, அதும் என் செட்டுல. நல்ல குரல். எக்கோ வைக்காமலே நல்லா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து, "ஏம்ட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவ, "ஆம்பளைக்கு வந்தா சாமி முகம், பொம்பளைக்கு வந்தா கரடி மூஞ்சின்னு எங்க அம்மை சொல்லித்தான் கட்டிக் குடுத்தா. விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு நான் பட்ட பாட்டை எம்மவ படக் கூடாது"ன்னா. என்ன பாடுன்னு கேட்டேன். என்னையப் பாத்து வாயத் தொறந்து சிரிச்சா. முத தடவ.

எனக்கு ஒரு எண்ணம் என்னன்னா, இது எங்கிட்டருந்துதான் அவளுக்குத் தொத்தியிருக்கணும். இத்தனை வருசம் ஒரே வீடு, ஒரே தலகாணி. எங்க அய்யா ரத்தம் என் வழியா அங்க போயிருக்கும். மறுநாள் ஆஸ்பத்திரியில டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன். அவங்க ஒரு தாள்ல வம்சத்தை வரஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஆம்பளைக்குப் பெட்டி, பொம்பளைக்கு வட்டம், சாமி முகம் உள்ளவங்களுக்கு உள்ள மைய நெரப்புவாங்க. எங்க அய்யா பெட்டி கறுப்பு. அத்தை வட்டம் கறுப்பு. பேச்சி கறுப்பு, உலகு கறுப்பு. நான் மட்டும் நடுவுல வெறும் பெட்டி.

"எம்மா, எம்பெட்டியிலயும் கொஞ்சம் மைய நெரப்புங்க."

"உங்களுக்கு இல்லைண்ணா. உலகுவுக்கு அவங்க அம்மா வழியாத்தான் வந்திருக்கு."

"எட்டு வருசம் பரிவட்டம் கட்டுனவன்ம்மா நான். பாதிப் பெட்டியாவது நெரப்புங்க. ஒரு கோடாவது போடுங்க."

மாட்டேன்னுட்டாங்க. அவங்க போன் பேச வெளிய போன நேரம் நானே பேனாவ எடுத்தேன். பேச்சி பேனாவப் பிடுங்கி, கையெழுத்துப் போடுற தாளை முன்னால தள்ளுனா. இங்க எழுதுங்கன்னா. போட்டேன். மாடக்கண்ணுன்னு எழுதுனது கொசு செத்துக் கெடந்த மாதிரி இருந்துச்சு. பிள்ளையத் தள்ளிக்கிட்டு உள்ள போனாங்க. கதவு சாத்துன பெறகு, எங்க கரடிமாடன்கிட்ட நான் பரிவட்டம் கேக்கல அண்ணாச்சி. பிள்ளை நல்லபடியா வெளிய வந்தாப் போதும்னுதான் கும்பிட்டேன்.

இப்ப மேலயும் கீழயும் முன்பக்கம் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. பின்னால ரெண்டு பக்கமும் பாக்கி. இன்னைக்குச் சும்மா காட்டிட்டு வாரோம். இன்னைக்கு என்ன வேணாலும் திங்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. முடிக்கு ஒண்ணும் பண்ணலையான்னு கேக்கிய. எடுக்கணும்னா எடு, இல்லைன்னா விடு, அது உன் இஷ்டம்னு அவகிட்டயே சொல்லிட்டாங்க. இப்போதைக்கு இருக்கட்டும்னுட்டா. பேச்சியும் முக்காடு போடுறதில்ல, நீங்கதான் பாக்கியல்லா. நம்ம பிளேடு கூட இப்ப ஒரே பிளேடு ஒரு மாசம் வருது. கம்பெனிய மாத்திட்டேன்.

இந்தாங்க, இதான் அந்த ஈறு செட்டு. சட்டைப் பையிலயே வச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க, ஒண்ணும் செய்யாது. வேண்டாமா? சரி.

ஏட்டி உலகு, என்னளா? அப்பாவுக்கா? குடு.

அண்ணாச்சி, இதப் பாருங்க. பஸ் ஸ்டாண்டுல வாங்குன கொய்யாக்காய். சீவித் தரட்டான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. கடிச்சிருக்கா பாத்தியளா? எம்மவ கடிச்சிருக்கா. கண்ணுல தூசி விழுந்துட்டு, ஒரு நிமிசம் இருங்க.

இந்தக் கடியைப் பாருங்க. மேல நாலு, கீழ நாலு, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி வரிசையா இருக்கா? இப்ப என் வாயப் பாருங்க. ஆ. நல்லா பாருங்க, டார்ச்சு வேணும்னா போன்ல அடிச்சிக்கிடுங்க. ஒண்ணு போல இருக்குல்லா? ஈறு அவ அம்மை வழி, சரி, ஒத்துக்கிடுதேன். அந்தப் பெட்டி வெறும் பெட்டியாவே இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பல்லு என்னுது அண்ணாச்சி.